விஷன் எடுப்பது எப்படி? கண் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தால், பெரும்பாலும் முதலில் கையில் வருவது விஷன் எடுக்கிற வேலைதான், அதாவது கண் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் கண்ணாடி போதுமா, புரைக்கு ஆபரேஷன் தேவையா என்று டாக்டர் யோசிக்கத் தொடங்குவதே கேஸ் ஷீட்டில் நாம் எழுதும் அந்த எண்ணிலிருந்துதான். அதனால் கண் பிரஷர் பார்ப்பதற்கும் சொட்டு மருந்து போடுவதற்கும் முன்பே விஷனை எடுத்துவிட வேண்டும். ஒரு விலக்கு உண்டு. சுண்ணாம்போ ஆசிடோ கண்ணில் தெறித்து வந்தவரை எழுத்துச் சார்ட் முன்னால் உட்கார வைக்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவத் தொடங்கி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உட்கார வைப்பது

சார்ட்டுக்கும் நாற்காலிக்கும் இடையே 6 மீட்டர் வேண்டும். அறை சிறியதென்றால் 3 மீட்டரில் நிலைக்கண்ணாடி மாட்டி, அதற்குள் சார்ட்டைப் பார்க்க வைக்கலாம். அப்புறம் எந்தச் சார்ட் என்று கேளுங்கள். நாலு பேர் நடுவில் "படிக்கத் தெரியுமா?" என்று கேட்க வேண்டாம். "தமிழ் எழுத்துக் காட்டட்டுங்களா, நம்பர் காட்டட்டுங்களா, இல்ல கையால திசை காட்டறீங்களா?" என்றால் அவரே சொல்லிவிடுவார். திசை காட்டுபவர்களுக்கு ஆங்கில 'E' வடிவச் சார்ட்.

படிக்க வைப்பது

எப்போதும் வலது கண் முதலில். இடது கண்ணை மறைப்பானால் மூடச் சொல்லுங்கள். கையால் மூடினால் உள்ளங்கைக் குழி கண்மேல் வர வேண்டும். விரல் என்றால் இடுக்கு வழியாகத் தெரியும். அழுத்தி மூடினால், அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகிவிடும்.

அவர் படிக்கும்போது உங்கள் பார்வை அவர் முகத்தில் இருக்கட்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒன்றிரண்டு வரி கூடுதலாகப் படித்துவிடுவார். தலையைத் திருப்பினால் மூடிய கண் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். இடது கண்ணுக்கு வரும்போது வரியைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை படித்தது பலருக்கும் மனப்பாடமாகியிருக்கும்.

முதலில் கண்ணாடி இல்லாமல், பிறகு தூரப் பார்வைக் கண்ணாடியோடு. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சார்ட்டைப் பார்த்தால் விஷன் குறைவாகத்தான் வரும், அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

எழுதும்போது மேலே உள்ள எண் அவர் உட்கார்ந்திருக்கும் தூரம். கீழே உள்ளது, நல்ல கண் அதே வரியைப் படிக்கக்கூடிய தூரம். 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார்.

பெரிய எழுத்தும் தெரியவில்லை என்றால்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். '6/60-க்குக் கீழே' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு மீட்டராக முன்னால் கூட்டி வாருங்கள்: 5/60, 4/60, 3/60. இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில் கண்ணாடி போட்டும் 3/60-க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை என்று 2017-லிருந்து தேசியப் பார்வையின்மைத் தடுப்புத் திட்டம் கணக்கிடுகிறது. நீங்கள் கூட்டி வரும் ஒரு மீட்டருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அதுவும் முடியாவிட்டால் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லி, எத்தனை மீட்டரில் என்றும் எழுதுங்கள். அடுத்தது கை அசைவு. அதுவும் தெரியாதவருக்கு டார்ச். மற்றக் கண்ணை நன்றாக மூடிவிட்டு, வெளிச்சம் எரிகிறதா அணைகிறதா என்று கேளுங்கள். பிறகு மேலே, கீழே, இரு பக்கமும் என்று நாலு திசையிலும் காட்டுங்கள். புரை முற்றிய பாட்டி நாலு திசையையும் சரியாகச் சொன்னால், ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பதிலை வாங்கும் வரை பொறுமையாக நில்லுங்கள்.

பின்ஹோல்

6/6 வராத ஒவ்வொரு கண்ணுக்கும் பின்ஹோல் (சிறு துளையுள்ள தட்டு) வைத்துப் பாருங்கள். சுமார் 1.2 மில்லிமீட்டர் துளைதான். 6/24 இருந்தவர் அதன் வழியாக 6/9 படித்தால், பெரும்பாலும் பவர் கோளாறு, கண்ணாடியில் சரியாகிவிடும். ஏறவே இல்லையென்றால் புரை, விழித்திரை, நரம்பு என்று டாக்டர் தேட வேண்டியிருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வையும் எடுங்கள். கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவரும் தறியில் இழை பிணைப்பவரும் பார்க்கும் தூரம் ஒன்றல்ல. வேலை செய்வதுபோலவே கையை வைத்துக் காட்டச் சொல்லி, அந்தத் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சொட்டு போடுவதற்கு முன்

டாக்டர் எழுதாமல் கண் பாப்பாவை (கண்ணின் நடுவில் உள்ள கருந்துளையை) விரிக்கும் சொட்டைப் போடாதீர்கள். கண்ணுக்குள் முன்பக்க இடைவெளியான முன்னறை குறுகலாக இருந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறிவிடலாம். போட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். எனவே எப்படி வந்தார், கூட யார் என்று முன்னாலேயே கேளுங்கள். ஏற்காட்டிலிருந்து தனியாக பைக்கில் வந்தவர் கூசும் கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறக் கூடாது. துணையோடு இன்னொரு நாள் வரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். சொட்டு போட்டால் எந்தக் கண், எத்தனை மணிக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.