கோஜிப் பூஞ்சையின் ஜீனோம்: எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறோம்

சாக்கே என்ற அரிசி மது, மிசோ என்ற சோயா விழுது, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்கிற பூஞ்சைதான். ஜப்பானில் இதை வளர்த்த அரிசிக்கும் சோயாவுக்கும் கோஜி என்று பெயர். இதன் முழு ஜீனோம், அதாவது மொத்த மரபுத் தகவலும், 2005 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது: 8 குரோமோசோம்கள், சுமார் 3.7 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 12,000 மரபணுக்கள். இதைப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் சில இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள்.

முதலாவது, "அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் மரபணு இதிலும் இருக்கிறதாம், அப்படியானால் சோயா சாஸ் விஷம்" என்கிற பேச்சு. மரபணு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. கோஜிப் பூஞ்சையின் நெருங்கிய சொந்தமான அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸில் அந்த நஞ்சைத் தயாரிக்கச் சுமார் 25 மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஜீனோம் படிக்கப்பட்ட ஆர்ஐபி40 என்ற ஒரைசே ரகத்திலும் அந்த வரிசை இருக்கிறது, ஆனால் ஒரு மரபணுவில் ஒரு துண்டே காணோம், வேறு சிலவற்றில் எழுத்துகள் மாறிக் கெட்டுப்போயிருக்கின்றன, அதனால் நஞ்சு தயாராவதில்லை. சில ரகங்களில் வரிசையின் பெரும்பகுதியே இல்லை.

இதைக் கேட்டதும் நேர் எதிராகப் போய்விடுகிறவர்களும் உண்டு, அதுதான் எனக்கு நிஜமாகவே கவலை. "கோஜி பாதுகாப்பானது, அதனால் சோற்றில் தானாகப் பூக்கிற பச்சைப் பூஞ்சணத்தை எடுத்தே நொதிக்கவைக்கலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஃபிளாவஸும் ஒரைசேயும் ஜீனோம் அளவில் கிட்டத்தட்ட ஒன்று, கண்ணுக்கும் அதே மஞ்சள் கலந்த பச்சைதான். நம்மூரில் நிலக்கடலையையும் கொப்பரையையும் கெடுப்பது அந்த ஃபிளாவஸ்தான், அதன் நஞ்சு சமையல் சூட்டில் முழுசாக அழியாது. வீட்டில் செய்வதானால் விதைக்கோஜியை, அதாவது கோஜி வளர்க்கத் தூவும் பூஞ்சை வித்துகளை, அதை விற்பவர்களிடம் வாங்குங்கள், பூஞ்சணத்தை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அளவு. ஒரைசேயின் ஜீனோமை முதலில் ஒப்பிட்டது நிடுலன்ஸ், ஃபியூமிகாட்டஸ் என்ற இரண்டு தூரத்துச் சொந்தங்களோடு. அவற்றைவிட இது 70 முதல் 90 லட்சம் எழுத்து அதிகம் என்றதும், மனிதர்கள் வளர்த்து வளர்த்துத்தான் இவ்வளவு பெரிதானது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் யாரும் வளர்க்காத ஃபிளாவஸின் ஜீனோமும் ஏறக்குறைய இதே அளவுதான்! மனிதர் கைபட்டதன் தடயத்தை அளவில் தேடாமல், எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது, எது செயலிழந்தது என்பதில் தேட வேண்டும்.

ஆர்ஐபி40-ஐ மட்டும் பார்த்துவிட்டு இனத்துக்கே தீர்ப்புச் சொல்வதும் தவறு. மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் மரபணு அதில் மூன்று பிரதிகளாக இருக்கிறது, வேறு ரகங்களில் எண்ணிக்கை மாறும். சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சை இந்த ரகம் தயாரிப்பதில்லை, ஆனால் தயாரிக்கிற ஒரைசே ரகங்களும் உண்டு. ஆகவே கட்டுரையோ பொட்டலமோ, இனத்தின் பெயரோடு நிற்காமல் எந்த ரகம் என்று பாருங்கள். சோயா சாஸுக்குச் சிலர் பயன்படுத்தும் சோஜே, ஒகினாவாவின் அவமோரி என்ற மதுவுக்கான கருப்புக் கோஜியான லுச்சுவென்சிஸ் இரண்டும் தனி இனங்கள், ஒரைசேயின் தரவை அவற்றின் தலையில் கட்டக் கூடாது.