தொடர் விடுமுறையில் தஞ்சாவூர், கும்பகோணம்: கூட்ட நேரத்தில் பேருந்திலும் ரயிலிலும் போய்வரும் முறை

வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறையாக அமைந்து மூன்று நாள் சேர்ந்து கிடைத்துவிட்டால், டெல்டா ஊர்களின் பேருந்து நிலையங்களில் நிற்க இடம் இருக்காது. சொந்த ஊருக்கு வருகிறவர்கள், பெரிய கோயில் பார்க்க வருகிறவர்கள், நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிறவர்கள் என எல்லோரும் அதே பேருந்துகளைத்தான் நம்பி வருகிறார்கள். ஆனால் கூட்டம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கோயில் நடை திறக்கிற, சாத்துகிற நேரத்தை ஒட்டித்தான் அது ஏறி இறங்குகிறது. அந்த நேரங்களைத் தெரிந்துகொண்டு கிளம்பினால், நெரிசல் மிகுந்த நாளிலும் உட்கார்ந்து போக வாய்ப்பு உண்டு. முதல்முறை வருகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறோம்.

படி 1: தினசரி காலண்டரைப் பாருங்கள்

விடுதி பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது முகூர்த்தம். விடுமுறையும் முகூர்த்தமும் ஒன்றாக வந்தால், காலை 6 முதல் 9 மணி வரை வெளியூர்ப் பேருந்துகளில் கல்யாண வீட்டுக் கூட்டம் ஏறும். சீர்வரிசைத் தட்டுகளும் சூட்கேஸ்களும் நடைபாதையை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பிரதோஷம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் பிரதோஷத்தன்று மாலை நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைப் பார்க்க உள்ளூர்க்காரர்களே பெருந்திரளாக வருவார்கள். அது முடிந்து கலைகிற நேரத்தில் கோயில் வாசலில் பேருந்துக்கு நிற்பது வீண்.

மூன்றாவது கிழமை. சனிக்கிழமை திருநள்ளாறு, ஞாயிற்றுக்கிழமை சூரியனார் கோயில் என்று கூட்டம் கிழமைக்கேற்ப நகரும். ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. அந்த நேரத்தில் ராகுவுக்குப் பாலபிஷேகம் காணத் திருநாகேஸ்வரத்தில் கூடுவார்கள். கும்பகோணத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் டவுன் பஸ்கள் 3.30 மணிக்கே நிரம்பத் தொடங்கும். உங்களுக்குப் பரிகாரம் எதுவும் இல்லையென்றால் சனிக்கிழமை சூரியனார் கோயில், திருநாகேஸ்வரம் பக்கமும், ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலை, தாராசுரம் பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கூட்டம் கிளம்புமுன் நீங்கள் கிளம்புங்கள்

பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியிலிருந்து 12.30-க்குள் நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில் திறக்கின்றன. அதனால் 12 முதல் 1.30 வரை எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். இரவு 7.30-க்கு மேல் அதே கதை.

எனவே காலை 6.30-க்கே கோயிலுக்குள் போய்விடுங்கள். 11.15-க்குள் பேருந்து நிலையம் வந்து சேருங்கள். அது முடியாவிட்டால் அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குக் கிளம்புங்கள். 2 முதல் 3.30 வரைதான் தஞ்சாவூர் – கும்பகோணம் பேருந்துகள் கொஞ்சம் மூச்சு விடும். வெயில் என்று பலர் தவிர்க்கும் நேரம் அது. ஜன்னலோர இடம் கிடைத்தால் வெயில் ஒரு பெரிய விஷயமில்லை.

படி 3: பேருந்தா, ரயிலா?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ. பேருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாக ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். விடுமுறையில் கடைத்தெருக்களில் மாட்டினால் இன்னும் இருபது நிமிடம் கூடும். ரயில் சாதாரணமாக ஒரு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் இது ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டிக்காகக் கிராசிங்கில் நின்றுவிட்டால் நேரம் நம் கையில் இல்லை. ரயில்களின் எண்ணிக்கையும் குறைவு, பேருந்து அடிக்கடி உண்டு.

எங்கள் பரிந்துரை: பெரியவர்கள், குழந்தைகள், மூட்டை முடிச்சு இருந்தால் ரயில். இடையில் எங்காவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்றால் பேருந்து. கும்பகோணத்தில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். சுவாமிமலைக்கு மட்டும் ரயில் வேண்டாம். அந்தப் பெயரில் நிலையம் இருக்கிறது, ஆனால் கோயில் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸே நல்லது.

படி 4: ரயில் டிக்கெட்

முன்பதிவில்லா டிக்கெட்டுக்குக் கவுன்டர் வரிசையில் நின்றால் வண்டி போய்விடும். ரயில்வேயின் ரயில்ஒன் செயலியை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, அதன் வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டு வைத்துவிடுங்கள். நிலையத்தில் எல்லாரும் ஒரே செல்போன் கோபுரத்தின் சிக்னலை இழுக்கும்போது ஓ.டி.பி. வந்து சேராது.

செயலியில் காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் நின்று எடுக்க முடியாது. இருப்பிடத்தைப் பார்த்து மறுத்துவிடும். வெளியே சாலையிலேயே எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள். மறந்து உள்ளே வந்துவிட்டால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வண்டியின் வகை. சாதாரணம், விரைவு, அதிவிரைவு என்று தனித்தனிக் கட்டணம். பாசஞ்சருக்கு எடுத்த டிக்கெட்டோடு, முன்னால் வந்தது என்று சோழன் போன்ற அதிவிரைவு வண்டியில் ஏறினால் வித்தியாசத் தொகையும் அபராதமும் கட்ட நேரிடும். டிக்கெட்டே இல்லாவிட்டால் குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய், கட்டணம் தனி. 199 கி.மீ. வரைக்குமான டிக்கெட், எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கத்தான். காலையில் எடுத்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு மாலையில் ஏற முடியாது. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்யவும் வழியில்லை. போன் அணைந்துவிட்டால் பரிசோதகர் கணக்கில் நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான். பவர் பேங்க் அவசியம்.

விரைவு வண்டிகளில் பொதுப் பெட்டிகள் பெரும்பாலும் முன்கோடியிலும் பின்கோடியிலும் இருக்கும். பாசஞ்சரில் எல்லாமே பொதுப் பெட்டிதான். ஆனாலும் ஜனம் நடைமேடை வாசலுக்கு எதிரே வந்து நிற்கும் பெட்டிகளிலேயே முண்டியடிக்கும். நூறடி நடந்து கோடிக்குப் போனால் கால் வைக்கவாவது இடம் கிடைக்கும்.

படி 5: சரியான பேருந்தைக் கண்டுபிடிப்பது

தஞ்சாவூரில் இரண்டு நிலையங்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய பேருந்து நிலையம் டவுன் பஸ்களுக்கு. திருச்சி சாலையில் சில கி.மீ. தள்ளியிருக்கும் புதிய பேருந்து நிலையம் வெளியூர் வண்டிகளுக்கு. இரண்டுக்கும் இடையே டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஜூலையில் பஞ்சப்பூர் முனையம் இயங்கத் தொடங்கியபின் வெளியூர் வண்டிகள் அங்கே மாறியிருக்கின்றன. மத்தியப் பேருந்து நிலையம் என்று பழைய பதிவுகளில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

சந்தேகம் வந்தால் நிலையத்துக்குள் இருக்கும் நேரக் காப்பாளர் அறைக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த வண்டி எப்போது, எந்த இடத்தில் நிற்கும், சிறப்புப் பேருந்து விட்டிருக்கிறார்களா என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

கேட்கும் விதம் முக்கியம். “தாராசுரம் போகுமா?” என்று கேட்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வண்டிகள் பெரும்பாலும் தாராசுரம் வழியாகத்தான் போகும். “அண்ணே, தாராசுரத்துல நிக்குமா?” என்று கேளுங்கள். எக்ஸ்பிரஸ், பாயின்ட் டு பாயின்ட் வண்டிகள் இடையில் நிற்காமல் போய்விடும், அப்புறம் கும்பகோணம் போய்த் திரும்பி வர வேண்டியதுதான்.

படி 6: ஏறுவது

வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே பத்துப் பேர் கூடவே ஓடுவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு, கைப்பை, சில சமயம் குழந்தையின் செருப்புகூட இருக்கையில் விழும். எழுதாத சட்டம் அது, துண்டு கிடந்தால் இடம் போச்சு. அதோடு சண்டைக்குப் போகாதீர்கள். நகரும் வண்டியின் படியில் தொற்றவும் வேண்டாம். நிலைய வாசல் திருப்பத்தில் கை நழுவினால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் விழ நேரிடும்.

அதற்குப் பதில் செய்யக்கூடியது, முதல் வண்டியை விட்டுவிடுவது. நிறுத்தங்களில் காத்திருக்கும் மொத்தக் கூட்டத்தையும் முன்னால் போகும் வண்டி அள்ளிக்கொள்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நின்று ஏற்றுவதால் அது தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஏற்ற ஆள் குறைவு, அதனால் சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிதுங்கி வழியும் ஒரு வண்டிக்குப் பின்னாலேயே பாதி காலியாக இன்னொன்று வருவதன் காரணம் இதுதான். பத்து நிமிடப் பொறுமை ஒரு மணி நேர நிற்பை மிச்சப்படுத்தும்.

இன்னொரு வழி, வண்டி புறப்படும் இடத்துக்கே போய்விடுவது. டவுன் பஸ்ஸுக்குப் பெரிய கோயில் நிறுத்தத்தில் நின்று கைகாட்டுவதைவிட, ஒரு கி.மீ. தூரம் நடந்து பழைய பேருந்து நிலையத்தில் ஏறினால் உட்காரலாம்.

டவுன் பஸ்களில் இடப்பக்க இருக்கைகள் பெரும்பாலும் மகளிருக்கு. குடும்பமாக வந்தால் சேர்ந்து உட்கார முயலாதீர்கள். பெண்கள் முன்படியிலும் ஆண்கள் பின்படியிலும் ஏறி, எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், காலையில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் வலப்பக்க ஜன்னலில் அடிக்கும்.

படி 7: டிக்கெட், நிற்பது, இறங்குவது

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். வெளியூர் வண்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 5 வயது வரை குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம். பல நடத்துநர்களிடம் ஜிபே வாங்கும் கருவி இருக்கிறது, ஆனால் நெரிசலில் சிக்னலுக்காக அவரை நிறுத்தி வைப்பது யாருக்கும் நல்லதில்லை. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் சட்டைப்பையில் தனியாக இருக்கட்டும். ஐந்நூறை நீட்டினால் மீதியைச் சீட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறப்பவர்கள்தான் அதிகம்.

நிற்க வேண்டியிருந்தால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், மூன்றாவது நான்காவது இருக்கைப் பக்கம் நில்லுங்கள். கடைசி இருக்கைப் பகுதி பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருப்பதால், வேகத்தடையில் அங்கேதான் தூக்கிப் போடும். ஒரு கை மேல் கம்பியில், ஒரு கை இருக்கை முதுகுக் கம்பியில். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் “பையைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா” என்று கேட்டால் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், இங்கே அது சகஜம். பணமும் போனும் மட்டும் அந்தப் பையில் இருக்கக் கூடாது.

இறங்க வேண்டிய ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே நகரத் தொடங்குங்கள். “இறங்கணும், வழி விடுங்க” என்று குரல் கொடுத்தால் போதும், தள்ள வேண்டாம். நடத்துநர் கிளம்பச் சொல்லி விசில் அடித்துவிட்டால் வண்டி நிற்காது.

படி 8: ஞாயிறு மாலை

மாலை 4 மணிக்கு மேல் கும்பகோணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வெளியேறும் எல்லா வண்டியும் நிறைந்துவிடும். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், வரும் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. தட்கல் என்னும் கடைசி நேர முன்பதிவு குளிர்சாதனப் பெட்டிகளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், படுக்கைப் பெட்டிக்கு 11 மணிக்கும் திறக்கும், முன்பதிவுக் கணக்கில் ஆதார் இணைப்பை முன்பே முடித்திருக்க வேண்டும். எதுவும் கிடைக்காமல் பொதுப் பெட்டியில்தான் சென்னை போக வேண்டும் என்றால், தஞ்சாவூரிலிருந்து கிளம்பும் உழவன் ரயிலைத் தஞ்சாவூரிலேயே பிடியுங்கள். கும்பகோணம் வரும்போது உள்ளே கால் வைக்க முடியாது.

வண்டியில் ஏதாவது விட்டுவிட்டு இறங்கிவிட்டால், டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் அருகிலிருக்கும் நிலையத்தின் நேரக் காப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீட்டில் இருக்கும் விவரத்தைக் கொண்டு எந்த வண்டி என்று பார்த்து, அது போய்ச் சேரும் நிலையத்துக்குச் சொல்லிவிடுவார்.