ஒரே நாள்ல மலை உச்சி ஏறி இறங்குறவங்க பண்ற தப்புகள்: கிலோமீட்டர மட்டும் பாக்காதீங்க

"போக வர 16 கிலோமீட்டர் தானே, நான் டெய்லி 8 கிலோமீட்டர் நடக்கிற ஆளு, லீவு நாள்ல டபுளா நடந்தா முடிஞ்சுது"ன்னு கிளம்பி வந்தவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். பாதி வழியில ஒரு பாறை மேல உக்காந்திருப்பாங்க, மூச்சு இரைக்கும், பாட்டில்ல தண்ணி காலி, மணி 12 ஆகியிருக்கும், உச்சி இன்னும் தலைக்கு மேலயே நிக்கும். இவங்க யாரும் தெம்பில்லாதவங்க கிடையாது. போட்ட கணக்கு தான் தப்பு. சமதரையில தூரம் எவ்ளோன்னு தெரிஞ்சா போதும், மலையில தூரத்தோட சேத்து எத்தனை மீட்டர் ஏறணும்ங்கிற நம்பரும் தெரியணும், அதப் பாக்காம கிளம்புறது தான் மத்த எல்லா தப்புக்கும் தாய் தப்பு.

1892-ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் இதுக்கு ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு, இன்னிக்கும் அது தான் அடிப்படை. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம். மேல சொன்ன 16 கிலோமீட்டர் வழியில 1200 மீட்டர் ஏத்தம் இருக்குன்னு வச்சுக்கோங்க, நடைக்கு 3 மணி 12 நிமிஷம், ஏத்தத்துக்கு 2 மணி, மொத்தம் 5 மணி 12 நிமிஷம். இதுல உக்கார்ற நேரம், சாப்பிடுற நேரம், போட்டோ எடுக்கிற நேரம், ஷூ லேஸ் கட்டுற நேரம் எதுவும் சேராது, அவர் சொன்னதும் நல்லா நடந்து பழகின ஆளுக்கு. புதுசா போறவங்க இன்னொரு பாதியச் சேத்து 8 மணி நேரம்னு வச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. அந்த 1200 மீட்டர் எவ்ளோன்னு மனசுல பதியணும்னா, ஒரு மாடிக்கு 3 மீட்டர்னு போட்டா 400 மாடி. லிஃப்ட் இல்லாம, முதுகுல பையோட, 400 மாடி ஏறிட்டு அதே 400 மாடி இறங்கணும்.

இன்னொரு நம்பரும் ஆளுங்கள ஏமாத்தும், உச்சியோட உயரம். அமெரிக்காவுல பைக்ஸ் பீக்னு ஒரு மலை, 4302 மீட்டர், உச்சி வரைக்கும் ரோடு இருக்கு, கார்லயே போய் இறங்கலாம். ஸ்காட்லாந்துல பென் நெவிஸ் வெறும் 1345 மீட்டர் தான், ஆனா நடைய ஆரம்பிக்கிற இடமே கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்கிறதால அந்த 1345-ல நாம ஏறாம தப்பிக்கிறது ரொம்பவே கொஞ்சம் தான், பாக்கி எல்லாத்தையும் கால்லயே ஏறணும். அதனால "எவ்ளோ ஹைட்டு மலை"ன்னு கேக்காதீங்க, "நடக்க ஆரம்பிக்கிற இடத்துல இருந்து எவ்ளோ ஏத்தம்"னு கேளுங்க.

ஈஸி, மாடரேட், டஃப்னு போட்டிருக்கிற லேபிளையும் அப்படியே நம்பிடாதீங்க, யாரு எழுதினாங்களோ அவங்க காலுக்கு அது மாடரேட். இதுக்குன்னு ஒழுங்கான அளவுகள் இருக்கு. சுவிட்சர்லாந்துல டி1-ல இருந்து டி6 வரைக்கும் வச்சிருக்காங்க, அமெரிக்காவுல கிளாஸ் 1-ல இருந்து 5 வரைக்கும். இதுல கிளாஸ் 3-ன்னா கையையும் ஊன்றி பாறை ஏறணும், கீழ பாத்தா பள்ளம் தெரியும். 10 கிலோமீட்டர் நல்ல மண் பாதையும் 10 கிலோமீட்டர் கிளாஸ் 3 பாறையும் ஒண்ணே கிடையாது, ஸ்டாமினா பிரமாதமா இருக்கிற ஆளு கூட அந்தப் பள்ளத்தப் பாத்ததும் கை கால் விறைச்சு அப்படியே நின்னுடுவாரு, அது கோழைத்தனம் இல்ல, பழக்கமில்லாத உடம்பு அப்படித்தான் பண்ணும்.

அடுத்தது லேட்டா கிளம்புறது. நிறைய மலைகள்ல சீசன் நேரத்துல காலையில வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற சூடான காத்து மேல போய் மேகம் கட்டி மத்தியானத்துக்கு மேல இடியில முடியும். அதனாலதான் உயரமான மலை ஏறுறவங்க இருட்டோட கிளம்பி 12 மணிக்குள்ள உச்சிய விட்டு இறங்கப் பாக்குறாங்க. மின்னல் தெரிஞ்சதுல இருந்து இடி கேக்குற வரைக்கும் செகண்ட் எண்ணுங்க, 3 செகண்டுக்கு சுமாரா 1 கிலோமீட்டர். 30 செகண்டுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா அது உங்களத் தொடக்கூடிய தூரத்துல இருக்கு, உச்சி 50 மீட்டர்ல இருந்தாலும் திரும்பிடுங்க, தனியா நிக்கிற மரத்துக்கு அடியில போய் நிக்காதீங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் மறுபடி மேல ஏறாதீங்க.

திரும்புற நேரத்த வீட்டுலயே முடிவு பண்ணுங்க. மேல போய் முடிவு பண்ணலாம்னு நினைச்சா முடிவே பண்ண மாட்டீங்க, ஏன்னா மலையில பொய் உச்சின்னு ஒண்ணு இருக்கு. கீழ இருந்து பாத்தா அது தான் உச்சி மாதிரி இருக்கும், உயிரக் குடுத்து ஏறிப் போனா பின்னாடி இன்னொரு மேடு நிக்கும், அதையும் ஏறினா இன்னொண்ணு. நான் ஒரு தடவை 1 மணிக்கு திரும்பணும்னு வச்சிருந்தத, இதோ வந்துடுச்சு இதோ வந்துடுச்சுன்னு 3 மணி வரைக்கும் இழுத்தேன். உச்சியத் தொட்டேன், சந்தோஷமா தான் இருந்துச்சு. இறங்கும்போது பாதி வழியில இருட்டிருச்சு, பள்ளத்தாக்குல சூரியன் மறையுறதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிச்சம் போயிடும், மரக்கூட்டத்துக்குள்ள நுழைஞ்சா இன்னும் சீக்கிரம். ஹெட் டார்ச் எடுத்துட்டுப் போகல, போன் லைட்டு தான். ஒரு கை போன பிடிச்சிட்டு இருக்கு, இன்னொரு கை தான் மிச்சம், சரிஞ்ச ஒரு வழுக்குப் பாறை, அது மேல சிதறிக் கெடந்த பொடிச் சரளை ஷூவுக்கு அடியில கோலிகுண்டு மாதிரி உருளுது, போன் வெளிச்சம் நேரா விழறதால மேடு பள்ளம் எதுவும் நிழல் காட்டல, எல்லாம் ஒரே தட்டையா தெரியுது. என் கூட வந்தவர் அந்த எடத்துல தான் கணுக்காலப் பெரட்டிக்கிட்டாரு. பாக்கி 2 கிலோமீட்டருக்கு எங்களுக்கு 3 மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் காலையில 10 மணிக்கு முடியுற சின்ன நடையா இருந்தாலும் ஹெட் டார்ச் பையில இருக்கும், எக்ஸ்ட்ரா பேட்டரியோட.

உண்மையில கஷ்டம் இறக்கத்துல தான், இத யாரும் மொதல்ல நம்ப மாட்டாங்க. ஏறும்போது நெஞ்சு தான் வேலை செய்யும், மூச்சு வாங்குச்சுன்னா நின்னா சரியாயிடும். இறங்கும்போது மூச்சு நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு அடியிலயும் உடம்பு பை ரெண்டோட வெயிட்டையும் தொடைத் தசை பிரேக் பிடிச்சு தாங்கணும், அதாவது தசை இழுபட்டுக்கிட்டே வேலை செய்யணும், அந்த மாதிரி வேலையில தான் தசை நார்ல நுண்ணிசா அடிபடுது. அதனாலதான் மறுநாளும் அதுக்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியாம கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல இறங்குறோம். தசை களைச்சுப் போச்சுன்னா முட்டி நடுங்க ஆரம்பிக்கும், அடுத்த அடி நீங்க வைக்க நினைச்ச எடத்துல விழாது, விழறது அப்போ தான். ப்ராக்டிஸ் பண்றவங்க ட்ரெட்மில்லுல ஓடுறதோட நிறுத்திடாதீங்க, பையில வெயிட்டு போட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க, அதுலயும் இறங்குறத நிதானமா பண்ணுங்க. இறக்கத்துல நீட்டமா அடி வைக்காதீங்க, சின்னச் சின்ன அடியா முட்டிய லேசா மடக்கியே வச்சு இறங்குங்க. ட்ரெக்கிங் ஸ்டிக் ரெண்டு இருந்தா முட்டிக்குப் போற பாரத்துல கொஞ்சம் கைக்கு வந்துடும், வயசானவங்களுக்குன்னு நினைச்சு அத ஒதுக்காதீங்க.

புது ஷூவ மலையில தான் மொத மொத போடுறதுங்கிறதும் ரொம்ப சகஜமா நடக்குது. ஷூ கொஞ்சம் பெருசா இருக்கணும், இறங்கும்போது கால் முன்னாடி சறுக்கி விரல் நுனி இடிச்சிட்டே இருந்தா நகம் கறுத்துப் போயிடும், அதனால மொதநாளே நகத்த ஒட்ட வெட்டிடுங்க, இறங்க ஆரம்பிக்கும்போது லேஸ அவுத்து கணுக்கால் பக்கம் டைட்டா கட்டுங்க. குதிகால்ல எங்கயாவது சூடா உறுத்துற மாதிரி இருந்துச்சுன்னா அந்த நிமிஷமே நின்னு டேப் ஒட்டணும், உச்சிக்குப் போய் பாத்துக்கலாம்னா அதுக்குள்ள கொப்புளம் ஆயிடும்.

கீழ வெயில் கொளுத்துதுன்னு டீ ஷர்ட்டோட ஏறுறாங்க பாருங்க, எனக்கு அதப் பாத்தா பக்குன்னு இருக்கும். 1000 மீட்டர் மேல போனா சராசரியா 6.5 டிகிரி குறையும், அது கூட பெருசில்ல, காத்து இருக்கே அது தான் ஆள சாய்க்கும். அமெரிக்காவுல மவுண்ட் வாஷிங்டன் 1917 மீட்டர் தான், அதோட உச்சியில 1934 ஏப்ரல் 12-ஆம் தேதி மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சிருக்கு. அவ்ளோ வேணாம், வேர்த்து நனைஞ்ச காட்டன் பனியனோட உச்சியில 15 நிமிஷம் சாதாரண காத்துல நின்னாலே பல்லு அடிக்க ஆரம்பிச்சுடும். உடம்பு சூடு அபாயமா குறையுறதுக்கு பனி விழ வேண்டியதில்ல, 10 டிகிரியும் மழையும் காத்தும் சேந்தா போதும். சீக்கிரம் காயுற துணி, ஒரு சூடான லேயர், காத்தும் மழையும் தடுக்கிற ஜாக்கெட், இந்த மூணும் பையில இருக்கணும். உச்சிக்கு வந்ததும் மொத வேலை ஜாக்கெட்ட மாட்டுறது, குளிர் தெரிஞ்சதுக்கு அப்புறம் இல்ல.

தண்ணிக்கு மணிக்கு சுமாரா அரை லிட்டர்னு கணக்கு வச்சு, வெயிலப் பொறுத்து கூட்டிக்கோங்க. அதே சமயம் சாப்பாடு உப்பு எதுவும் இல்லாம வெறும் தண்ணியா குடம் குடமா குடிக்கிறதும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் எறங்கிடும், தலைவலி, வாந்தி, குழப்பம்னு வரும், பாக்குறவங்க தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் குடிக்க வைப்பாங்க.

2500 மீட்டருக்கு மேல போற மலைன்னா கதையே வேற. 4000 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவீதம் தான், ஒவ்வொரு மூச்சுலயும் வர்ற ஆக்சிஜனும் அந்தளவு தான். அமெரிக்காவுல மவுண்ட் விட்னி 4421 மீட்டர், போக வர சுமார் 35 கிலோமீட்டர், இத ஒரே நாள்ல முடிக்கிறவங்க நடுராத்திரிக்கு மேல டார்ச் அடிச்சுட்டு கிளம்புவாங்க, அதுலயும் விவரம் தெரிஞ்சவங்க மொதநாள் ராத்திரியே உயரத்துல தூங்கி உடம்பப் பழக்கிட்டு தான் ஏறுவாங்க. தாழ்வான ஊர்ல இருந்து ராத்திரி கார் ஓட்டிட்டு வந்து நேரா ஏறுறது தான் தப்பு, எவ்ளோ ஃபிட்டா இருந்தாலும் உயரம் ஆளப் பாக்காது. தலைவலி, குமட்டல் வந்தா மேல போகாதீங்க, கொறையலன்னா இறங்குங்க. நேர்கோட்டுல நடக்க முடியாம தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உக்காந்திருக்கும்போதும் மூச்சு முட்டினாலோ யோசிக்கவே வேணாம், அந்த ஆள உடனே கீழ எறக்கணும், துணைக்கு ஆள் இல்லாம தனியா அனுப்பவும் கூடாது.

குரூப்பா போறப்போ ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, வேகமா நடக்கிறவங்க முன்னாடி போய் 10 நிமிஷம் நிப்பாங்க, மெதுவா வர்றவர் வந்து சேந்ததும் "வந்துட்டீங்களா, போலாமா"ன்னு கிளம்பிடுவாங்க. ரெஸ்ட் தேவையே இல்லாதவங்களுக்கு ரெஸ்ட், தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிஷம் கூட இல்ல. மத்தியானத்துக்குள்ள அவரு முடிஞ்சு போயிடுவாரு, அவமானத்துல வாயத் தொறந்து சொல்லவும் மாட்டாரு. மெதுவா நடக்கிறவர முன்னாடி விடுங்க, அவரு வேகம் தான் எல்லாருக்கும் வேகம், திரும்புற நேரத்தையும் அவரு நடையப் பாத்தே வைங்க.

வழி தவறுறதும் பெரும்பாலும் இறங்கும்போது தான், ஏன்னா ஏறும்போது பாத்த பாதை திரும்பி வரும்போது வேற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பிரிவுலயும் ஒரு தடவை பின்னாடி திரும்பி பாத்துட்டு போங்க, அந்தக் காட்சி தான் சாயங்காலம் உங்களுக்கு வேணும். குறுக்கு வழின்னு ஓடைப் பள்ளத்துல இறங்கவே இறங்காதீங்க, அது போகப் போக செங்குத்தாகி கடைசியில அருவி விழுற பாறையில கொண்டு போய் விட்டுடும், அங்க இருந்து மேலயும் ஏற முடியாது கீழயும் இறங்க முடியாது. மேப்ப வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க, போன ஏரோப்ளேன் மோடுல போட்டு உடம்போட ஒட்டின பாக்கெட்ல வைங்க, குளிர்ல பேட்டரி மடமடன்னு எறங்கும்.

கடைசியா, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தருக்கு மெசேஜ் போடுங்க: எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி நம்பர், எத்தனை மணிக்கு போன் பண்ணுவேன், எத்தனை மணி வரைக்கும் பண்ணலன்னா ஆள் தேடச் சொல்லணும். பை ஸ்ட்ராப்புல ஒரு விசில் மாட்டிக்கோங்க. ஐரோப்பாவுல நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி ஒரு நிமிஷம் விட்டு திரும்ப ஊதுறது, வட அமெரிக்காவுல 3 தடவை ஊதுறது, ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணு தான், உதவி வேணும். இறங்கி வந்ததும் அந்த ஆளுக்கு மறக்காம போன் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க வண்டியில தூங்கிட்டு வரும்போது மலையில உங்களத் தேடிட்டு இருப்பாங்க.