வீட்டிலிருந்து கோடிங்: லேன் கேபிளா, வைஃபையா?

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு பழையது, சுவரெல்லாம் வெட்டுக்கல். ரூட்டர் முன்னறையில், என் மேசை பின்கட்டில். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நல்ல எண்தான் வரும். ஆனால் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாகப் போய் டைப் செய்தால் எழுத்து நின்று நின்று வந்தது. நம் வேலைக்கு வேகக் குறைவைவிட இந்தத் தடுமாற்றம்தான் பெரிய தொல்லை. அதனால் காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள்.

படி 1: டெர்மினலை (கட்டளை டைப் செய்யும் ஜன்னல்) திறந்து ரூட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள். சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை அது. பல வீடுகளில் ரூட்டர் முகவரி 192.168.1.1. விண்டோஸில் 4 முறையோடு நின்றுவிடும். 100 முறையாவது ஓட விடுங்கள். கேபிளில் எல்லாமே 1 மில்லிசெகண்ட் பக்கம் வரும். வைஃபையில் 3, 5, திடீரென்று 180 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேதான். இணைய நிறுவனத்துக்கு போன் போட்டுப் பயனில்லை.

படி 2: குதிக்கிறதா? முதலில் வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள். அதன் அலை கெட்டிச் சுவரைத் தாண்டத் திணறும், ஆனால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவருக்கு அது போதும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் எட்டுகிறதென்றால் ரூட்டர் செட்டிங்கில் சேனல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததை வையுங்கள்.

படி 3: அப்படியும் சரியாகவில்லையா, வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் கேபிள் இழுங்கள். போனும் டிவியும் வைஃபையிலேயே இருக்கட்டும். கேட் 5இ என்ற வகைக் கேபிள் போதும். 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். கடையில் முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் விற்கிறார்கள், அது வேண்டாம்.

படி 4: கேபிள் மாட்டியதும் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். எனக்கு 1000 மெகாபிட் (1 ஜிகாபிட்) வரவேண்டிய இடத்தில் 100 என்றே காட்டியது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி முனைவரை போய்ச் சேரவில்லை. வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ததும், அதாவது கனெக்டரை அழுத்திப் பொருத்தியதும், சரியானது.

அப்புறம் இடி. நம் மாவட்டத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே, சித்திரையிலும் சாயங்காலம் வெட்டி முழங்கும். வானம் இருட்டும்போதே ரூட்டரின் பவர் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, செம்பில் பாயும். மட்டுப்பா (மொட்டை மாடி) வழியாகப் பக்கத்து வீட்டுக்கு இழுக்கவேண்டி வந்தால் செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம், ஃபைபர் போடுங்கள்.