புறநானூறைக் கையில வச்சுக்கிட்டு டெல்டாவுல போரைத் தேடறது எப்படி

ஸ்கூல்ல பசங்களுக்குப் போர் பத்தி ப்ராஜெக்ட் குடுத்தா நாம என்ன பண்றோம், ஹிரோஷிமா போட்டோ ஒண்ணு, அசோகர் படம் ஒண்ணு டவுன்லோட் பண்ணி, கலர் பிரிண்ட் எடுத்து சார்ட்ல ஒட்டி அனுப்பிடறோம். நானும் போன வருஷம் வரைக்கும் அதைத்தான் பண்ணேன். கும்மோணத்துல உட்கார்ந்துகிட்டு போரைத் தேடி ஜப்பான் வரைக்கும் போகவேண்டியதே இல்ல, நாலு பாட்டு, ஒரு ரயில் டிக்கெட், வீட்டுப் பரண்ல ஒரு ட்ரங்குப் பெட்டி, இவ்வளவு இருந்தாப் போதும். நான் எப்படித் தேடினேன்னு சொல்றேன், உங்களுக்குத் தோதான மாதிரி மாத்திக்குங்க.

முதல்ல புறநானூறு. காசு குடுத்து வாங்கணும்னுகூட இல்ல, தமிழ் இணையக் கல்விக்கழகம் சைட்ல உரையோட சும்மாவே கெடக்கு. (உ.வே.சா. 1894ல இதை அச்சுல கொண்டுவந்தப்ப கும்மோணம் காலேஜ்லதான் வாத்தியாரா இருந்தாரு, சொந்த ஊரு பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம், அந்த வகையில இது நம்மூர் சரக்குன்னே சொல்லிக்கலாம்.) பாட்டை மேலேர்ந்து படிக்க ஆரம்பிக்காதீங்க, முழி பிதுங்கிடும். கடைசியில திணை (எந்த மாதிரி சண்டை), துறை (அதுல எந்தக் கட்டம்), யாரு யாரைப் பாடினாங்கன்னு குட்டியா ஒரு குறிப்பு இருக்கும், அதை முதல்ல படிங்க, சண்டை எதுக்குன்னு பாதி அங்கயே தெரிஞ்சுடும். தொல்காப்பியம் காரணத்தை ஒளிச்செல்லாம் வைக்கல. அடுத்தவன் நாட்டு மேல படையெடுக்கற வஞ்சித் திணைக்கு "எஞ்சா மண்நசை"ன்னு ஒரே போடா போடுது, தீராத மண்ணாசை, அவ்வளவுதான். நேருக்கு நேர் மோதற தும்பைக்கு "மைந்து பொருளாக", அதாவது நான் பெரியவனா நீ பெரியவனாங்கறதுதான் காரணமே. வரப்புத் தகராறு பார்த்த ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

45ஆம் பாட்டை எடுத்துக்குங்க. நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டு நிக்கறான், நெடுங்கிள்ளி உள்ள கதவை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், ரெண்டு பேருமே சோழன், பங்காளிங்க. நடுவுல கோவூர்கிழார் போயி, உன்கூட சண்டைக்கு வந்தவன் பனந்தோடு வச்ச சேரனும் இல்ல, வேப்பமாலை போட்ட பாண்டியனும் இல்ல, உனக்கும் ஆத்தி மாலை அவனுக்கும் ஆத்தி மாலைங்கறாரு. "ஒருவீர் தோற்பினும் தோற்ப நுங் குடியே". எவன் தோத்தாலும் தோக்கறது உங்க வீடுதான்டான்னு ரெண்டு ராஜா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு பாருங்க, அந்தத் தைரியம்!

அதுக்கு முன்னாடிப் பாட்டு 44, இதே நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள்ள அடைஞ்சு கெடக்கறப்பப் பாடினது. யானைக்குக் குளத்துல குளியல் இல்ல, நெய் போட்ட சோத்து உருண்டை இல்ல, பெருமூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கு. "பாலில் குழவி அலறவும்", பால் இல்லாம குழந்தை அலறுது, பொம்பளைங்க பூ இல்லாத வெறுந்தலையை முடிஞ்சுக்கறாங்க, வீட்டுல தண்ணி இல்ல. இந்த இடத்துலதான் ஒரு பேனாவை எடுத்து அடிக்கோடு போடச் சொல்லுவேன். எத்தனை பேரு செத்தாங்கன்னு எண்ணிக்கை தேடாதீங்க, பால் எங்க, பூ எங்க, தண்ணி எங்கன்னு தேடுங்க, சேதாரக் கணக்கு முழுக்க அதுலதான் எழுதி வச்சிருக்கு.

இன்னொண்ணு, பள்ளிக்கூடத்துல வீரம்னு மனப்பாடம் பண்ண பாட்டை மறுபடி எடுத்துப் படிக்கணும். எனக்கு அது 279, ஒக்கூர் மாசாத்தியார். "கெடுக சிந்தை கடிதிவள் துணிவே"ன்னு கைய நீட்டி நீட்டிப் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கேன். முந்தாநாள் சண்டையில பாட்டுல வர்ற அம்மாவோட தமையன் போயிட்டான் (தகப்பன்னும் உரை சொல்லுவாங்க), நேத்து சண்டையில புருஷன் போயிட்டான், இன்னிக்கும் பறை சத்தம் கேக்குது, கையில வேலைக் குடுத்து, வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, பறட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி இருக்கற ஒரே பையனையும் போடான்னு அனுப்பறா. போன சனிக்கிழமை எங்க வீட்ல பையனைத் திண்ணையில உட்காரவச்சு நல்லெண்ணெய் தேய்க்கறா என் பொண்டாட்டி, அவன் நெளியறான், அப்பத்தான் "எண்ணெய் நீவி"ங்கற வார்த்தை எனக்குப் புரிஞ்சுது, உச்சந்தலையை அப்படி அழுத்தித் தடவறதுக்குப் பேருதானே நீவறது. அந்தப் பையனுக்கு என்ன வயசு இருக்கும்? தனக்குத்தானே எண்ணெய் வச்சுக்கத் தெரியாத வயசு. அதோட பாட்டுல "விருப்புற்று மயங்கி"ன்னு இருக்கு. விருப்பத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மயங்கியை எந்த வாத்தியாரும் தொடல, டம்ளர் குடுத்தவரும் கேக்கல.

படிச்சாச்சுன்னா கிளம்புங்க. தஞ்சாவூர் திருவாரூர் லைன்ல நீடாமங்கலத்துக்கு முன்னாடி கோயில்வெண்ணின்னு ஒரு சின்ன ஸ்டேஷன், அதுதான் பழைய வெண்ணி. கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் ஒரே களத்துல தோக்கடிச்ச எடம். போர்டெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க, சுத்திலும் வயல், கரும்பேஸ்வரர் கோயில் அவ்வளவுதான், அதுவே நல்லது. கோயில் வாசல்ல உட்கார்ந்து 65, 66 ரெண்டையும் சத்தமாப் படிங்க. முதுகுல புண் பட்டுட்டுதேன்னு வெக்கப்பட்டு சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கெடக்கறான். கழாத்தலையார் பாட்டுல (65) அவன் நாட்டுல முழவு மண் பூச மறந்துபோச்சு, பானை கவுந்து கெடக்கு, உழவன் சத்தம் நின்னுபோச்சு. 66ஐ எழுதினது இதே வெண்ணி ஊர்க்காரி, வெண்ணிக் குயத்தியார். ஜெயிச்ச கரிகாலன்கிட்டயே, நீ ஜெயிச்சே சரி, ஆனா வடக்கிருந்தானே அவன் உன்னைவிட நல்லவன் இல்லையான்னு கேக்கறா, "நின்னினும் நல்லன் அன்றே"ன்னு. தன் ஊர் வயல்ல சண்டை நடந்தவளுக்குத்தான் அப்படிக் கேக்க வாய் வரும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான வேலை, நாம அடிச்ச அடியையும் பார்க்கணும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துல ஒரு துவாரபாலகர் இருக்காரு, முன்னாடி தாராசுரத்துல இருந்தவரு. விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்தார்னு அவர் பீடத்துலயே வெட்டி வச்சிருக்கு, அதாவது ராஜாதிராஜ சோழன் (விஜயராஜேந்திரன் அவரோட பட்டப்பேரு) சாளுக்கியத் தலைநகரை அடிச்சு நொறுக்கி, நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வந்த சிலை. அப்புறம் 1054ல கொப்பத்துல அதே சாளுக்கியன்கூட சண்டை போட்டு யானை மேலேயே செத்தாரு. அதுக்கும் முன்னாடி, 1007ல தார்வாடு பக்கம் ஹொட்டூர்ல சாளுக்கியங்க வெட்டின கல்வெட்டு, சோழன் 9 லட்சம் படையோட வந்து பொம்பளை, புள்ளைன்னு பார்க்காம வெட்டினான்னு சொல்லுது. 9 லட்சத்தை நம்பாதீங்க, நம்ம ராஜா புகழைப் பாடற மெய்க்கீர்த்தியா இருந்தாலும் எதிரி கல்வெட்டா இருந்தாலும் படைக்கணக்கு எல்லாம் கல்யாண வீட்டு மொய் மாதிரி, சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கணும். கழிச்ச பிறகும் புள்ளைங்க மிச்சம் இருக்காங்க இல்ல, அதைப் பாருங்க. ஜெயிச்ச போரைப் பாடற பரணி நூலுக்குப் பேரே தோத்தவங்க பேருதான், கலிங்கத்துப்பரணி, அங்க பேய்ங்க பொணத்துல கூழ் காய்ச்சறதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கல.

கடைசியா வீடு. டெல்டாவுல பாதி வீட்டுலயாச்சும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலாயா போன ஆளு ஒருத்தர் இருப்பாரு. பெரியவங்ககிட்ட "போரு ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டீங்கன்னா இல்லம்பாங்க, எந்த வருஷம் யாரு லெட்டர் நின்னுச்சுன்னு கேளுங்க. எங்க தாத்தாவோட அண்ணன் லெட்டர் 1942ல நின்னுச்சு. 1942-43ல ஜப்பான்காரன் சயாம்லேர்ந்து (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான், அதுக்கு எஸ்டேட் எஸ்டேட்டா நம்ம ஆளுங்களைப் புடிச்சுட்டுப் போனாங்க, ஆயிரக்கணக்குல திரும்பவே இல்ல. இவரும் அதுல போனாரா, இல்ல எஸ்டேட்லயே காய்ச்சல்ல போனாரா, தகவலே வரல. பெரிய பாட்டி சாகற வரைக்கும் பொட்டை அழிக்கல.

ட்ரங்குப் பெட்டியில பழைய கவர் ஏதாச்சும் கெடைச்சா முன்பக்கத்தோட நிறுத்தாம பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்குங்க, எஸ்டேட் பேரும் தேதி முத்திரையும் பாதி நேரம் அங்கதான் இருக்கும், மை வேற மங்கிட்டே வருது.