உயிரியல் எடுக்காதவர்கள் ஐசர் நுழைவுத்தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பிளஸ் டூவில் நான் எடுத்தது கணினி அறிவியல் குரூப். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் – IISER) திறனறித் தேர்வு எழுதி இடம் கிடைத்த பிறகு, அதே குரூப்பில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பம், கட்டணமெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: வினாத்தாளின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். 180 நிமிடம், 240 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். உயிரியலைத் தொடாமல் விட்டால் உங்கள் உச்சவரம்பே 180தான். முதல் மாதிரித் தேர்வில் நான் அப்படித்தான் விட்டேன்.

படி 2: மற்ற மூன்று பாடங்களுக்கும் என்சிஇஆர்டி புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள். தடிமனான வழிகாட்டி நூல்கள் எனக்கு அலமாரியை நிரப்பத்தான் பயன்பட்டன.

படி 3: உயிரியலை முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். நான் தொடங்கினேன். வகைப்பாடு, பாசி, பூஞ்சை என்று மனப்பாடம் செய்தே மூன்று வாரம் போனது. நான்காவது வாரம் எதுவும் நினைவில் இல்லை. பிறகுதான் பன்னிரண்டாம் வகுப்பு மரபியலைத் திறந்தேன். அது நமக்குத் தெரிந்த நிகழ்தகவு!

ஹார்டி–வீன்பெர்க் சமநிலையைப் பாருங்கள்: தலைமுறைகள் மாறினாலும் ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களின் (அல்லீல்களின்) விகிதம் மாறாத நிலை அது. அந்தச் சமநிலையில் உள்ள 100 பேரில் 16 பேரிடம் ஓர் ஒடுங்கு பண்பு (இரண்டு ஒடுங்கு அல்லீல்கள் சேர்ந்தால்தான் தெரிவது) வெளிப்படுகிறது என்றால், ஒடுங்கு அல்லீலின் நிகழ்வெண் 0.16இன் வர்க்கமூலம், அதாவது 0.4. ஓங்கு அல்லீலுக்கு மீதி 0.6. பண்பை வெளிக்காட்டாமல் சுமப்பவர்கள் 2 × 0.6 × 0.4 = 0.48, ஆக 48 பேர். இதில் எங்கே மனப்பாடம்? சூழலியலில் வரும் உயிரினத்தொகை வளர்ச்சிச் சமன்பாடும் அப்படியே. தாங்குதிறனில் (ஒரு சூழல் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கையில்) பாதியை எட்டும்போது வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் என்பதை வகையிட்டே கண்டுபிடித்துவிடலாம். மரபியல், பரிணாமம், சூழலியல், பிறகு செல் என்ற வரிசையில் போங்கள். தாவர உலகம் கடைசியில் நிற்கட்டும்.

படி 4: ஊகிக்கப் பயப்படாதீர்கள். "தெரியாததைத் தொடாதே" என்று எல்லாரும் சொல்வார்கள்; கணக்கு வேறு சொல்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரை. கண்ணை மூடித் தொடுவதில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் அதை நான் செய்யவில்லை. ஒரு விடையையாவது நீக்க முடிந்தால் எழுதினேன்.

படி 5: வாரம் ஒரு முழுத் தேர்வு. நேரம் பார்க்கக் கைப்பேசி வேண்டாம், மேசைக் கடிகாரம் வையுங்கள். உயிரியலை முதல் 20 நிமிடத்தில் முடித்தால் கணிதத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

பின்சேர்க்கை: "கணிதம் இல்லாத குரூப் எழுதலாமா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எழுதலாம். நான்கில் ஏதேனும் மூன்று பாடங்கள் படித்திருந்தால் போதும். ஆனால் போபால் ஐசரில் பொறியியல் படிப்புகளுக்குக் கணிதம் கட்டாயம். விருப்ப வரிசை நிரப்பும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.