ஏசி வாங்கும் முன் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்

விருதுநகர்ப் பக்கம் 300, 400 சதுர அடியில் தொகுப்பு வீடுகள்தான் நான் அதிகம் கட்டுகிறேன். குடிபோன முதல் கோடையிலேயே, "அண்ணே, ராத்திரி உள்ள படுக்க முடியல, ஏசி மாட்டிரலாமா?" என்று கேட்பார்கள். முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள் என்பேன். ஒற்றைத் தள வீட்டில் சூடு பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்குகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், அதை ராத்திரியில்தான் வீட்டுக்குள் விடும்.

குறைந்த செலவில் இதைத் தடுப்பது சுண்ணாம்பு. அக்னி நட்சத்திரம் வரை காத்திருக்காமல் மாசி, பங்குனியிலேயே அடித்துவிடுங்கள். தளத்தில் பாசியைச் சுரண்டிக் கழுவி, விரிசல்களை அடைத்துவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே இரும்பு டிரம்மில் ஊறப்போடுங்கள். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, பிடிமானத்துக்குக் கொஞ்சம் ஃபெவிகால் சேருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் தளத்தை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். சுடுகிற தளத்தில் அடித்தால் பொடியாக உதிர்ந்துவிடும். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம், மெல்லியதாக மூன்று பூச்சு. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். மழையில் கரைந்துபோகும் என்பதால் வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். கையில் காசு இருந்தால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மட்டும் சுரண்டவே கூடாது; அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

மேற்குச் சுவரில் வெயில் நேராக அடித்தால் வெளியே ஒரு தட்டியோ கீற்றோ கட்டுங்கள். சன்னலை உள்ளே திரைபோட்டு மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் தின்றுவிடும். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள 30 வாட்ஸ் பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 27 யூனிட்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம் அல்லவா? 140 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு ஃபேனை மாற்றினாலே பில் கட்ட வேண்டிய அவசியம் இராது. மாற்றும்போது பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எடுத்துவிடுங்கள், பிஎல்டிசி ஃபேனுக்கு அது ஆகாது.